கேட்டை மறைத்து நிற்கும் கார்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

என் வீட்டு கேட்டுக்கு முன்னால் அடுத்தவர் கார் நிற்பது ஒரு காலத்தில் வாராந்திர வழக்கமாக இருந்தது. கோபம் தலைக்கேறிய ஒரு நாளில் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எப்படிப் போனது என்று எழுதத் தொடங்கினேன். புகார் கொடுக்கும்போது ஆதாரம் வேண்டும் என்பதுதான் நோக்கம். நாற்பது வரி சேர்ந்த பிறகு திரும்பப் படித்தால் வேறு ஒன்று தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது கேட் என்றே தெரிந்திருக்கவில்லை. சுவரிலிருந்து படர்ந்த கொடி கேட்டையும் மூடியிருந்தது. பலகை என் தலைக்கு மேலே, விளக்கு எரியாத பக்கத்தில் தொங்கியது. வண்டியை நிறுத்தியவர்கள்மீது எனக்கிருந்த கோபத்தில் பாதி அன்றே இறங்கிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தினரும் "கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தேறிய முறை இது. உங்கள் வாசலில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எந்த அறிகுறியானாலும் கையோடு இருக்க வேண்டியவை: அளவு நாடா, தடித்த எழுத்துப் பேனா, சில காகிதங்கள், மழைக்கு மேலே போட ஒரு கண்ணாடித் தாள் உறை. போக்குவரத்துக் காவல், உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றின் எண்களைக் கேட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் கைப்பேசியில் தேடும்போதுதான் அந்த எண் கிடைக்காது.

எதற்கும் முன்னால்: வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் காரை மறந்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வர வேண்டியதில்லை. தெருவில் நின்றால் போதும். வாடகைக் காரும் அப்படியே. போய்விட்டு வந்து சண்டை போடலாம். மறைத்து நிற்கும் வண்டியின் உரிமையாளரைத் தேடி ஒருவர் தெருத் தெருவாக அலைய, உள்ளே நோயாளி காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாடகை வண்டியைக் கூப்பிடும் யோசனை கால் மணி நேரம் கழித்துத்தான் யாருக்கோ வந்தது.

காருக்குள் குழந்தையோ நாயோ தனியாக அடைபட்டிருந்தாலும் இது கேட் பிரச்சினை அல்ல. வெயிலில் மூடிய காரின் உட்புறம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்குச் சூடேறிவிடும். நேராக அவசர எண்ணை அழையுங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தாலும் அப்படித்தான். கிட்டே போகாமல் அழையுங்கள்.

அறிகுறி 1: வெளியே போக வேண்டும், கேட்டை முழுதாக மறைத்து ஒரு கார், உள்ளே ஆள் இல்லை

அதிகம் வரும் அறிகுறி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*வந்து எவ்வளவு நேரமாயிற்று?*

ஹாரனை எடுப்பதற்கு முன் காரின் முன்பக்கம் போய் நில்லுங்கள். இன்ஜின் நின்று சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தால், அடியிலிருந்து "டிக்… டிக்…" என்று சன்னமாகச் சத்தம் வரும். சூடான புகைக்குழாய் ஆறிச் சுருங்கும் ஓசை அது. அந்த ஓசை கேட்டால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார். ஓசை நின்றிருந்தாலும், முன்பக்கக் கிராதிக்குக் கிட்டே புறங்கையைக் கொண்டுபோனால் வெதுவெதுப்பு தெரியும். அதுவும் இல்லாமல் சில்லென்று இருந்தால் வண்டி வந்து பல மணி நேரமாகியிருக்கும், பெரும்பாலும் முந்தைய இரவு. மின்சாரக் காரிடம் இந்தச் சோதனை பலிக்காது. மழை பெய்து ஓய்ந்திருந்தால் வண்டிக்கு அடியில் பாருங்கள். தரை காய்ந்திருந்தால் மழைக்கு முன்பே வந்த வண்டி.

புதிதாக வந்த வண்டி என்றால் ஐந்து நிமிடம் பொறுப்பதே மலிவான வைத்தியம். நான்கு இன்டிகேட்டரும் சேர்ந்து மின்னிக்கொண்டிருந்தால் ஆள் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போயிருக்கிறார்.

*யாருடையது என்று வண்டியே சொல்கிறதா?*

கண்ணாடி வழியாகப் பாருங்கள். கைப்பிடியைத் தொட வேண்டாம். சில வண்டிகள் அசைத்தாலே அலறத் தொடங்கிவிடும், பிறகு நீங்கள் கார் திருடன் போல் நின்றுகொண்டிருப்பீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே கைப்பேசி எண் எழுதிய அட்டை இருக்கிறதா? பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், குடியிருப்பு இவற்றின் ஒட்டுவில்லை உண்டா? பின்னிருக்கையில் பார்சல் பெட்டிகள் குவிந்திருக்கின்றனவா? ஒட்டுவில்லை எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே போய்க் கேட்பது குருட்டாம்போக்கில் கதவு தட்டுவதைவிட விரைவில் பலன் தரும்.

*கதவு தட்டும் வரிசை*

1. இரு பக்கத்து வீடுகள், பிறகு எதிர் வீடு. அடுக்குமாடி என்றால் காவலாளி.
2. ஆட்கள் கூடும் இடம் எதுவோ அது: மருத்துவர் அறை, பயிற்சி வகுப்பு, உணவகம், கூட்டம் நடக்கும் மண்டபம். உரக்க அறிவிக்க வசதி இருந்தால் அறிவிக்கச் சொல்லுங்கள்.
3. கட்டட வேலை நடக்கும் வீடு. அங்கே மேற்பார்வைக்கு வந்தவர் காதில் எதுவும் விழாது. நேரில் போக வேண்டும்.

கேட்கும்போது "ஒரு கார் நிற்கிறது" என்றால் யாரும் திரும்பமாட்டார்கள். நிறம், வகை, எண் பலகையின் கடைசி இலக்கங்கள் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சாம்பல் நிறக் கார், கடைசி நான்கு எண் இது, கேட்டை மறைத்து நிற்கிறது, நான் வெளியே போக வேண்டும்." இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். "படித்தவர்கள்தானே" என்று ஆரம்பித்தால், எழுந்து வரவிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

*ஹாரன்*

இரண்டு சிறு ஒலி, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி இரண்டு. அவ்வளவுதான். கையை எடுக்காமல் அடித்தால் ஓட்டுநருக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைதான் விழிக்கும். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தான்.

*எப்போது புகார்?*

எனக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை பதினைந்து நிமிடம். அதற்குள் ஆள் கிடைக்கவில்லை என்றால் போக்குவரத்துக் காவலையோ பார்க்கிங்கைக் கவனிக்கும் உள்ளாட்சிப் பிரிவையோ அழைக்கிறேன். அவசர எண்ணை அல்ல. அது வேறு காரியத்துக்கு.

அழைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். கேட், கார், எண் பலகை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எட்ட நின்று ஒன்று. எண் பலகைக்கு மட்டும் ஒன்று. காரின் நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொன்று. நான்கு மூலைப் படம் எதற்கென்றால், இழுத்துக்கொண்டு போனபின் "இந்தக் கீறல் உங்கள் வேலை" என்று யாரேனும் வந்து நின்றால் காட்டுவதற்கு.

பேசும்போது முதல் வாக்கியத்திலேயே உங்கள் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்று சொல்லிவிடுங்கள். வெளியேற முடியாமல் அடைபட்டவருக்கும் உள்ளே நுழைய முடியாதவருக்கும் ஒரே அக்கறை கிடைப்பதில்லை. உள்ளே நுழைய முடியாதவர் வேறிடத்தில் நிறுத்தலாமே என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. அடைபட்டவரிடம் அப்படிச் சொல்ல வழியில்லை.

*செய்யவே கூடாதவை*

டயரில் காற்றைப் பிடுங்குவதை ஒரு தீர்வாகச் சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். காற்றில்லாத கார் எங்கே போகும்? உங்கள் கேட்டுக்கு முன்னால்தான் நிற்கும். ஒரு மணி நேரத்தில் கிளம்பியிருக்கக்கூடிய வண்டி ராத்திரி முழுக்கத் தங்கும். வழக்கும் உங்கள்மேல் வரும்.

நாலு பேர் சேர்ந்து தள்ளுவதும் வீண். சின்னக் காரே ஏறத்தாழ ஒரு டன் எடை. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டிருப்பார்கள். தானியங்கிக் கியர் வண்டியை 'பி' நிலையில் நிறுத்தினால் கியர்ப் பெட்டிக்குள் ஒரு கொக்கி பல்லில் விழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வலுக்கட்டாயமாக இழுத்தால் அது முறியும், அல்லது பம்பர் கையோடு வரும். இழுவை வண்டிக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் சிறு உருளைத் தட்டுகளைக் கொடுத்துத் தூக்குவது இதனால்தான். நான்கு சக்கரமும் இயங்கும் வகை என்றால் முழு வண்டியையும் மேடையில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். நம்மிடம் இருப்பது கை மட்டும்.

காருக்குப் பின்னால் உங்கள் இன்னொரு வண்டியை நிறுத்தி மறிப்பது, சக்கரத்தில் சங்கிலி போடுவது, கண்ணாடியில் பசை தடவிக் காகிதம் ஒட்டுவது எல்லாம் இதே ரகம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சட்ட அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் காரின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது 2012 முதல் குற்றமாகவே ஆகிவிட்டது. சொந்த நிலத்திலேயே கதை இப்படியென்றால் தெருவில் கேட்கவே வேண்டாம்.

அறிகுறி 2: ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், "ரெண்டே நிமிடம்" என்கிறார்

இதைச் சண்டையாக்குவது நம் கையில்தான் இருக்கிறது. சாலை விதிகளே இங்கே ஒரு வேறுபாடு வைத்திருக்கின்றன. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, தன் 23-ஆம் பிரிவில், வீடு முதலியவற்றின் வண்டி நுழைவாயிலுக்கு முன் பார்க்கிங் செய்யக் கூடாது என்கிறது. ஆனால் ஆளை ஏற்றி இறக்கவும் சரக்கை ஏற்றி இறக்கவும் ஆகும் நேரம் மட்டும் நிற்பதை அது பார்க்கிங் என்று கணக்கிடுவதில்லை. பல நாடுகளின் விதிகள் இந்த அச்சில்தான் இருக்கின்றன. பாட்டியைக் கைபிடித்து இறக்குபவரிடம் சட்டம் பேசினால் சட்டமே நம் பக்கம் நிற்காது. காத்திருந்து கைப்பேசி பார்ப்பவர் கதை வேறு.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யாரையாவது, எதையாவது ஏற்றி இறக்குகிறாரா? ஆம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு நேரே, ஒரு கை தூரம் தள்ளி நின்று, "தம்பி, வண்டியை எடுக்கப் போகிறேன், கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். 'நகர்த்த முடியுமா' என்று கேட்டால் 'முடியாது' என்ற பதிலுக்கும் இடம் கொடுத்ததாகிவிடும். கேட்டை அகலத் திறந்து, உங்கள் இன்ஜினையும் ஓடவிட்டால் பேச்சே தேவைப்படாது. தினமும் பத்து முறை கேட்டுப் பழகிய ஓட்டுநர்கூட, பின்விளக்கு எரியும் கார் தன்னை நோக்கி ஒரு அடி நகர்ந்தால் இடம் விட்டுவிடுவார். ஒரு அடி போதும், அதற்குமேல் வேண்டாம்.

அறிகுறி 3: பாதிதான் மறைத்திருக்கிறது, போகலாம் போலவும் இருக்கிறது, முடியாது போலவும் இருக்கிறது

ஆபத்தான அறிகுறி இதுதான், ஏனென்றால் முயற்சி செய்யத் தோன்றும். முழுக்க மறைத்திருந்தால் குற்றம் அவருடையது. இடுக்கில் புகுந்து உரசிவிட்டால் அதே நொடியில் குற்றம் நம்முடையதாகிவிடும்.

அளவு நாடாவை எடுங்கள். சாதாரணக் காரின் உடல் அகலம் 1.7 முதல் 1.85 மீட்டர்; பக்கக் கண்ணாடிகள் இரண்டும் சேர்ந்து இன்னும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூட்டும். உங்கள் வண்டியை ஒருமுறை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டிக் கேட்டருகே சாத்தி வையுங்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. இடுக்கில் கழியைக் குறுக்கே பிடித்துப் பார்த்தால் பதில் கையிலேயே வந்துவிடும். நேராக வெளியேறும் வழி என்றால் இரு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருந்தால் போகலாம். திரும்பிக்கொண்டே வெளியேற வேண்டியிருந்தால் ஒரு சாண் போதாது. திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உட்பக்கமாகவே வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் தப்பிவிட்டதே என்று மூச்சுவிடும்போது பின்கதவு தூணில் உரசும்.

கழி நுழைந்தாலும் ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லிவிட்டே நகருங்கள். பார்ப்பவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். "வா, வா, வா" என்று குரல் கொடுத்துவிட்டு இடித்தபின் "நில்" என்பவரை வீட்டுக்குள் அனுப்பிவிடலாம்.

கழி நுழையவில்லையா? அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 4: கேட்டுக்கு முன்னால் எதுவும் இல்லை, எதிர்ப்பக்கம் நிற்கும் காரால் திருப்ப முடியவில்லை

குறுகிய தெருக்காரர்களுக்கு இது தெரியும். 90 பாகையில் வெளியே வந்து திரும்ப ஏறத்தாழ 6 மீட்டர் தெரு அகலம் இருந்தால் வசதி. 6 மீட்டர் தெருவில் எதிரே ஒரு கார் நின்றால் மிஞ்சுவது 4 மீட்டர். எதிரே நிற்பவர் தன் வீட்டு வாசலில், தனக்கு உரிமையுள்ள இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவரைக் குற்றவாளியாக்கப் பார்த்தால் தோற்பது நாம்தான்.

செலவில்லாத மருந்து: இரவு வரும்போதே வண்டியைப் பின்பக்கமாக உள்ளே கொண்டுபோய் நிறுத்துங்கள். திரும்பும் சக்கரங்கள் தெருப்பக்கம் இருக்கும்போது குறைந்த அகலத்தில் வளைக்க முடியும். காலையில் அதே தடத்தில் முன்நோக்கி வெளியே வந்துவிடலாம். பின்பக்கமாக வெளியேறினால் முன்சக்கரம் இன்னும் கேட்டுக்குள் இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பவே இடமிருக்காது. இதைச் சொல்லிக் கொடுத்த மூன்று வீடுகளில் இரண்டில் புகாரே நின்றுவிட்டது. மூன்றாவது வீட்டுக்காரர் பின்பக்கமாக ஓட்டிப் பழக மறுத்துவிட்டார். இன்றும் எதிர் வீட்டாரோடு பேசுவதில்லை.

அடுத்த படி, எதிர் வீட்டாரிடம் போய் "ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினால் எனக்குத் திருப்ப முடியும்" என்று தரையில் கல் வைத்துக் காட்டிக் கேட்பது. கடைசிப் படி கேட்டை அகலப்படுத்துவது. அது கொத்தனார் வேலை. சுமை தாங்கும் தூணாக இருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் தொட வேண்டாம்.

அறிகுறி 5: வெவ்வேறு கார்கள், ஆனால் மீண்டும் மீண்டும்

நோட்டுப் புத்தகத்தை இங்கேதான் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் நேரத்தைக் குறித்தால் வடிவம் தெரிந்துவிடும். குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட மணி என்று வந்தால் காரணம் உங்கள் வாசலில் இல்லை. பக்கத்தில் ஆள் கூடும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை நடத்துபவரிடம் தேதி, நேரம் எழுதிய தாளோடு போங்கள். பள்ளியோ மருத்துவமனையோ, அவர்களிடம் தங்கள் ஆட்களிடம் சொல்ல ஒரு வழி இருக்கும். காரை நிறுத்துபவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பது.

வடிவமே இல்லாமல் எந்த நேரத்திலும் யார் யாரோ நிறுத்தினால் கேட்டைச் சந்தேகியுங்கள். தெருவின் இரு பக்கத்திலிருந்தும் காரில் வந்து பாருங்கள், இரவிலும் ஒருமுறை. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில்தான் இருக்கிறது. நிறுத்த இடம் தேடுபவர் பார்ப்பது நடைபாதை விளிம்பையும் பக்கக் கண்ணாடியையும்தான். எட்டடி உயரத்தில் தொங்கும் பலகையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதோடு, சுவரோடு ஒட்டித் தட்டையாக இருக்கும் பலகை தெருவில் நேராக வருபவருக்கு ஒரு கோடாகத்தான் தெரியும்.

மலிவானதிலிருந்து வரிசையாக:

கொடியை வெட்டுங்கள், குப்பைத் தொட்டியை நகர்த்துங்கள். கேட்டுக்குச் சுவரின் நிறத்தை அடித்திருந்தால் மாற்றுங்கள். பகல் நேரத்தில் கேட்டைப் பாதி திறந்து, உள்ளே நிற்கும் காரின் மூக்கு தெரியும்படி வைத்தால் அதைவிடச் சிறந்த பலகை கிடையாது.

அடுத்து, இரு தூணிலும் இடுப்புக்குச் சற்று மேலே, தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒவ்வொரு சிறு பலகை. 'நோ பார்க்கிங்' என்ற எழுத்து எங்கும் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. "இரவு பகல் எந்நேரமும் கார் வெளியே வரும்" என்று காரணத்தை எழுதுங்கள். 'மீறினால்' என்று ஆரம்பிக்கும் மிரட்டல்கள் தெருவுக்கு வேடிக்கை காட்டுவதோடு சரி. தூண்களில் ஒளி திருப்பும் பட்டை, கேட்டுக்கு மேலே ஒரு விளக்கு.

அதற்கு மேலே போனால் நடைபாதை விளிம்பைச் சரிவாக இறக்குவது, சாலையில் கோடு போடுவது, இரும்புக் குட்டைத் தூண் நடுவது. இவை மூன்றும் பொது இடத்தில் கைவைக்கும் வேலை. உள்ளாட்சியின் அனுமதி வாங்கி அவர்கள் மூலமே செய்யுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லையும் பூந்தொட்டியையும் சாலையில் இழுத்துப் போடுபவர்கள், இருட்டில் இருசக்கர வண்டியில் வருபவரின் முழங்காலை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 6: ஒரே கார், திரும்பத் திரும்ப

கேட்டும் பலகையும் தெரிந்தே நிறுத்துகிறார். முதலில் ஒரு சீட்டு. நான் எழுதுவது இப்படி:

"ஐயா / அம்மா, இது கார் போய்வரும் வாசல். இன்று காலை 8:10 முதல் 8:50 வரை வெளியே போக முடியவில்லை. இனி இங்கே நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவசரம் என்றால் மணியை அடித்துச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்."

கடைசி வரியில்தான் காரியம் இருக்கிறது. ஒரு காரின் வைப்பருக்கு அடியில் இந்தச் சீட்டை வைத்த மறுநாள் மாலை மணி அடித்தது. ஒரு பெண்மணி சீட்டை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். தந்தைக்குப் பக்கத்து மருத்துவரிடம் வாரம் மூன்று நாள் சிகிச்சை, நடக்க முடியாதவர். இறக்கிவிட்டு வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவரோடு உள்ளே போய்விடுகிறார். நாங்கள் பேசி முடிவு செய்தது: இறக்கும்போது நிற்கலாம், அதன்பின் தெருமுனைக்கு எடுத்துச் சென்றுவிட வேண்டும். அதன்பின் அந்தக் கார் என் நோட்டில் வரவே இல்லை.

சீட்டு இரண்டு முறை பலிக்கவில்லை என்றால் மூன்றாவது சீட்டு எழுதாதீர்கள். தேதி, நேரம், படம் சேர்த்து எழுத்துப்பூர்வமான புகாராகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசிப் புகார் அந்த நாளோடு போய்விடும். தாளில் கொடுத்தது கோப்பில் இருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால்தான் வழக்கறிஞர். அவரை ஒரு கடிதம் அனுப்பச் சொல்வது வழக்குப் போடுவதைவிட மலிவு, பெரும்பாலும் அதுவே போதும்.

அறிகுறி 7: நாள் கணக்காக அசையாமல் நிற்கும் கார்

உண்மையிலேயே அசையவில்லையா, அல்லது நீங்கள் இல்லாத நேரத்தில் போய்வருகிறதா? டயரில் காற்றடிக்கும் வால்வு எந்த மணி நிலையில் இருக்கிறது என்று முன், பின் சக்கரம் இரண்டுக்கும் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னது நாலு மணி, பின்னது பதினொன்று என்பதுபோல. பார்க்கிங் ஆய்வாளர்களின் பழைய உத்தி இது. வண்டி போய்த் திரும்பினால் இரண்டு வால்வும் அதே நிலைக்கு வந்து நிற்பது அபூர்வம்.

பிரேக் தட்டில் துரு படிந்திருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஈரமான ஓர் இரவு போதும், மெல்லிய துரு ஏறிவிடும். வைப்பர் இடுக்கில் மக்கிய இலை, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் சிலந்தி வலை, ஒரு டயர் அமுங்கிப் போயிருப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் கைவிட்ட வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளாட்சியில் சொன்னால் வழக்கமாக வண்டியில் அறிவிப்பு ஒட்டி, சில நாள் கெடு கொடுத்துத்தான் எடுப்பார்கள். வழி அடைபட்டிருக்கிறது என்பதைப் புகாரில் அழுத்தமாக எழுதுங்கள்.

எண் பலகை இல்லை, கண்ணாடி உடைந்திருக்கிறது, சாவித் துவாரம் கிளறப்பட்டிருக்கிறது என்றால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். விரலால்கூடத் தொடாமல் காவல் நிலையத்தை அழையுங்கள்.

அறிகுறி 8: கேட்டுக்கு உள்ளேயே வந்து நிறுத்திவிட்டார்

திறந்த கேட்டைப் பார்த்ததும் நுழைந்துவிடுபவர்கள் உண்டு. தெருவில் நின்றால் பார்க்கிங் குற்றம்; உங்கள் நிலத்துக்குள் நின்றால் பல நாடுகளில் அது உரிமை மீறல் என்ற வேறு கணக்கு. பார்க்கிங் அதிகாரி 'என் எல்லை அல்ல' என்று கையை விரித்துவிடலாம். சாவியைப் பிடுங்குவது, கேட்டைப் பூட்டிச் சிறைவைப்பது இரண்டும் உங்களைக் குற்றவாளியாக்கும். படம், காவல் நிலையத்தில் தகவல், பிறகு வழக்கறிஞர் என்ற வரிசை. இங்கே தொழில் தெரிந்தவரைச் சீக்கிரம் அழைப்பது லாபம்.

அறிகுறி 9: ஓட்டுநர் வந்துவிட்டார், வண்டியை எடுக்காமல் சண்டைக்கு வருகிறார்

நம் வேலை கார் நகர்வது. யார் சரி என்று தீர்ப்பு வாங்குவது இன்றைய வேலை அல்ல. கேட்டுக்கு உட்புறமாகவே நில்லுங்கள், தெருவுக்கு இறங்காதீர்கள். "வண்டியை எடுங்கள், நான் போக வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தை அதே குரலில் இரண்டு முறை சொல்லுங்கள். மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு காவல் துறையை அழையுங்கள். ஆள் அறிமுகமில்லாதவர், எங்கே வீடு என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீடு எங்கே என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

வாயில் மது நாற்றம் அடித்தால் "வண்டியை எடு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லி, அவர் ஓட்டி, தெருமுனையில் யார்மேலாவது ஏற்றினால் அந்த ஒரு வாக்கியம் உங்களைத் தூங்கவிடாது. சாவியைக் கூட வந்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கூட யாரும் இல்லையென்றால், கார் அங்கேயே நிற்கட்டும், நீங்கள் வாடகை வண்டியில் போங்கள். போகும் வழியில் காவல் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.